பொறுங்கோ

2025 மே 7ஆம் திகதி காலை எங்கள் வீட்டு விறாந்தையில் அத்தானும் தம்பியும் இரண்டு இலக்கங்களை வைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று 61. மற்றது 43. முந்தைய நாள்தான் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்திருந்தது. நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 61 வீதம் எடுத்த தேசிய மக்கள் சக்தி இப்போது 43 வீதத்துக்கு வந்துவிட்டது.

"ஆறு மாதத்திலை பதினெட்டு வீதம் போட்டுது. சனத்துக்கு விளங்கீட்டுது" என்றார் அத்தான். அவர் பரம்பரை 'வீடு'. தமிழரசுக் கட்சி வடக்கில் மறுபடியும் முன்னுக்கு வந்த சந்தோஷம் குரலில் இருந்தது.

"உள்ளூராட்சியை உதோடை ஒப்பிடேலாது அத்தான். 2019இலை அநுரவுக்கு எத்தினை வீதம்? மூண்டு. மூண்டிலையிருந்து வந்த மனுசன்" என்றான் தம்பி.

அக்கா அடுப்படியில் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நான் சம்பலுக்கு இடித்துக்கொண்டிருந்தேன். பாதித் தேங்காய்தான் இருந்தது. அக்கா உள்ளேயிருந்தே, "தேங்காய் காணாது, இருநூறு ரூபாய் விக்கிறான்" என்றா. அவ்வளவுதான் சொன்னா.

"கேட்டியோ உன்ரை ஜனாதிபதியின்ரை தேங்காய் விலையை!" என்றார் அத்தான்.

"தென்னை காய்க்கிறது ஜனாதிபதியின்ரை கையிலையோ? போன வருச வெயிலும் வெள்ளை ஈயும் செய்த வேலை. உது தெரியாமல் கதைக்கப்படாது" என்றான் தம்பி.

அக்கா சொன்னது அரசியல் இல்லை. யாராவது எழும்பிக் கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி வரவேண்டும் என்பதைத்தான் எங்கள் வீட்டில் பெண்கள் அப்படிச் சொல்வோம். வெயிலையும் வெள்ளை ஈயையும் பற்றி இன்னும் கால் மணித்தியாலம் போனது. கடைக்கு நான்தான் போனேன்.

இதை எழுதத் தொடங்கும்போது ஆண்கள் அரசியல் கதைக்கிறார்கள், பெண்கள் விலைவாசியைச் சுமக்கிறார்கள் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் அப்படி எழுதினால் நான் தப்பித்துவிடுவேன். அந்த விறாந்தையில் நடந்ததையே நானும் இரண்டு மாதத்துக்கு முன்பு இன்னொரு பெண்ணுக்குச் செய்திருந்தேன்.

முதலில் என் வாக்கைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை. 2024 செப்டம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நான் அநுர குமார திசாநாயக்கவுக்குப் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் மிகச் சிலர்தான் போட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் அவர் நான்காவது இடம். நாட்டிலும் முதல் எண்ணிக்கையில் 42 வீதம்தான். இரண்டாவது விருப்பு வாக்குகளை எண்ணித்தான், அதுவும் வரலாற்றில் முதல்தடவையாக, அவரை ஜனாதிபதியாக அறிவித்தார்கள். ஆனால் நவம்பர் 14ஆம் திகதி நான் திசைகாட்டிக்குப் புள்ளடி போட்டேன். என்னைப் போல வேறு பலரும் போட்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அவர்களுக்குப் போனது. மொத்தம் 225இல் 159.

அப்பா கேட்டால் என்ன சொல்வேன்? அவர் ஜே.வி.பி. என்ற பெயரைக் கேட்டாலே எழும்பிப் போய்விடுவார். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தைப் பங்கிட ஒரு பொதுக் கட்டமைப்பு வந்தபோது அதை எதிர்த்து 2005இல் அரசாங்கத்தை விட்டே வெளியேறினவர்கள் அவர்கள். 2006இல் வடக்கையும் கிழக்கையும் பிரித்த தீர்ப்பு அவர்கள் போட்ட வழக்கில் வந்தது. "அவையள் இப்ப சிரிச்சுக்கொண்டு வருகினம். நாங்கள் மறந்திட்டம் எண்டு நினைக்கினம்" என்று அப்பா சொன்னபோது நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்படியிருந்தும் போட்டேன். ஒரு காரணம் ஹரிணி அமரசூரிய. இந்த நாட்டில் அவருக்கு முன்பு பிரதமராக இருந்த இரண்டு பெண்களில் ஒருவர் கொல்லப்பட்ட பிரதமரின் மனைவி, மற்றவர் அவர்களின் மகள். ஹரிணி யாருடைய மனைவியாகவோ மகளாகவோ அங்கே வரவில்லை, படிப்பித்துக்கொண்டிருந்து வந்தவர். நானும் படிப்பிக்கிறவள். இது சின்னக் காரணமாகத் தெரியலாம். இன்னொரு காரணம் இன்னும் சின்னது. முன்பொரு உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கான நூற்றுக்கு 25 ஒதுக்கீட்டை நிரப்ப ஒரு கட்சிக்காரர் அக்காவைத் தேடி வந்தார். "பேரை மட்டும் தாங்கோ தங்கச்சி, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்றார். அக்கா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினா. அந்த 'பேரை மட்டும்' என் காதிலேயே இருந்தது. (திசைகாட்டி வந்தும் பாராளுமன்றத்தில் பெண்கள் நூற்றுக்குப் பத்தை எட்டவில்லை. முதல் அமைச்சரவையில் இரண்டே பேர். ஆனால் நவம்பரில் நான் அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.)

இனிப் பொருளாதாரம். விறாந்தையில் இரண்டு பக்கமும் சொல்வதில் பாதி உண்மை, அதுதான் சிக்கல். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் ரணில் விக்கிரமசிங்க சர்வதேச நாணய நிதியத்திடம் சுமார் 300 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்தார். அதற்கு விலையாக வரிகள் ஏறின. 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானது, அதுவரை விலக்கு இருந்த சமையல் காஸுக்கும் வந்தது. அநுர தேர்தல் மேடைகளில் அந்த ஒப்பந்தத்தைத் திருத்திப் பேசுவோம், உணவுக்கும் மருந்துக்கும் புத்தகத்துக்கும் வற் எடுக்கமாட்டோம் என்றார். வந்த பிறகு அதே பாதையில்தான் போனார். பிணைமுறிக் கடன் மறுசீரமைப்பை 2024 டிசம்பரில் முடித்தார், நிதியத்தின் மூன்றாவது மீளாய்வு 2025 பெப்ரவரியில் நிறைவேறியது.

"ரணிலின்ரை கொப்பியைப் பாத்து எழுதுறார்" என்பார் அத்தான். "கொப்பியைக் கிழிச்சிருந்தால் திரும்ப பெற்றோல் கியூ வந்திருக்கும்" என்பான் தம்பி. அவன் வங்கியில் வேலை செய்கிறவன். பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனதைக் கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டுவான். அதுவும் உண்மை. 2022 செப்டம்பரில் 70 வீதத்தைத் தொட்டது, இவர்கள் வந்த காலத்தில் சைபருக்குக் கீழே நின்றது. ஆனால் விலை ஏறாமல் நிற்பது வேறு, ஏறின விலை இறங்குவது வேறு. ஏறினது ஏறினபடியேதான் நிற்கிறது. வகுப்பில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வீதக் கணக்குப் படிப்பிக்கும்போது இதைச் சொல்லித்தான் விளங்கவைப்பேன். வீட்டில் சொன்னதில்லை.

2025 பெப்ரவரி 17இல் அநுர நிதி அமைச்சராகத் தன் முதல் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தார். அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆகும், மூன்று தவணையாக. மாதம் 150,000 வரைக்கும் வருமான வரி இல்லை. தனியார் துறையில் ஆகக் குறைந்த சம்பளம் 27,000. யாழ்ப்பாணம் நூலகத்துக்கும் காசு ஒதுக்கினார். அன்று தம்பி எனக்கு எடுத்துச் சொன்னான், "உனக்கும் கூடுது, எனக்கும் வரி குறையுது." எங்கள் இருவருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைக்கத் தேவையில்லை.

எங்கள் ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று இருக்கிறது. நான் செயலாளர். மார்ச் 8ஆம் திகதிக் கூட்டத்தில் பெண்கள் தினத்துக்கு ஏதாவது பேசுங்கோ ரீச்சர் என்றார்கள். வரவுசெலவுத் திட்டத்தில் பெண்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். பிரதமர் ஒரு பெண், மகளிர் அமைச்சர் ஒரு பெண், அவர் தமிழ் பேசுகிறவர் என்றும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் எழும்பினா. ஊரில் அவவை இடியப்ப அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கணவர் போரில் போனவர். மூன்று கடைகளுக்கு இடியப்பம் போடுகிறா.

"ரீச்சர், உங்களுக்குச் சம்பளம் கூடுது. கடையிலை நிக்கிற பிள்ளைக்கும் இருபத்தேழாயிரம் எண்டு சொல்லுறியள். எனக்கு என்ன கூடுது? எனக்குத் தேங்காய்தான் கூடுது."

சிலர் சிரித்தார்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன், கையில் தாள் இருந்தது. "பொறுங்கோ அக்கா" என்றேன். "எழுபத்தாறு வருசம் கெடுத்து வைச்சதை ஆறு மாதத்திலை திருத்தேலாது. கொஞ்சம் கால அவகாசம் குடுக்கவேணும்."

எழுபத்தாறு வருசம் என்பது என் சொல்லில்லை. அது மேடைச் சொல், சுவரொட்டிச் சொல். என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர், "உவ வீட்டுக் கட்சிதானே, உப்பிடித்தான் கேப்பா" என்றா. நான் அதை மறுக்கவில்லை. அவவின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய வேலையை அந்தச் சொல் எனக்கு மிச்சப்படுத்தியது. அடுத்த விடயத்துக்குப் போனோம். இடியப்ப அக்கா இருந்துவிட்டா. ஏப்ரல் கூட்டத்துக்கு வரவில்லை, மே கூட்டத்துக்கும் வரவில்லை. வரவுப் பதிவேட்டில் இரண்டு முறையும் 'வரவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன்.

தேங்காய் வாங்கப் போன அந்த மே மாதக் காலையில், கடையில் வைத்துத்தான் சங்கத்துப் பெண் ஒருவர் சொன்னா. இடியப்ப அக்கா நுண்கடன் எடுத்திருக்கிறா. இரண்டு கிழமை கட்டவில்லை. அறவிட வரும் பையன் பின்னேரம் மட்டும் படியில் குந்திக்கொண்டிருக்கிறான். ஐந்து பேர் சேர்ந்து எடுத்த குழுக்கடன் என்பதால் மற்ற நாலு பேரும் இப்போது அவவோடு கதைப்பதில்லை.

நுண்கடன் எங்களுக்குப் புதிதில்லை. போர் முடிந்து பாதை திறந்ததோடு மோட்டர் சைக்கிளில் வந்தது. வங்கிகள் பிணை கேட்ட இடத்தில் இவர்கள் ஐந்து பெண்களை ஒருத்திக்கு ஒருத்தி பிணையாக்கினார்கள். 2018இல் ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹொஸ்லாவ்ஸ்கி வந்து பார்த்துவிட்டு, அறவிட வருகிறவர்கள் சிலர் பெண்களிடம் உடலைக் கேட்பதாகக்கூட எழுதினார். அதே ஆண்டு அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். 2021 மார்ச் 8ஆம் திகதி, அதுவும் பெண்கள் தினம்தான், பொலன்னறுவையில் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வாரக்கணக்காக வீதியோரம் இருந்தார்கள். ஜனாதிபதிகள் மாறிவிட்டார்கள். ஒரு கட்சியின் ஆட்சியில் வந்த நோயில்லை இது. இதையெல்லாம் தெரிந்தவள்தான் நான். ஒருமுறை இதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். எழுதினவளுக்கு முன்னால் ஒரு பெண் எழும்பி நின்றபோது அவவைத் தெரியவில்லை.

அந்தக் கிழமையே போனேன். பின்னேரம் நாலு மணி. அடுத்த நாள் மாவை அரித்துக்கொண்டிருந்தா. வாங்கோ என்றா, கதிரை எடுத்துப் போட்டா, முகத்தைப் பார்க்கவில்லை. நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவ உள்ளே போய்ப் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து கையில் தந்தா. "நீங்கள் கணக்கு ரீச்சர்தானே. பாருங்கோ."

பென்சிலால் எழுதியிருந்தது. ஒரு நாளைக்கு 300 இடியப்பம், கடைக்காரன் தருவது பத்து ரூபாய்ப்படி 3,000. மா 1,600. சம்பலுக்கும் சொதிக்கும் மூன்று தேங்காய் 600. காஸ் சிலிண்டர் ஒன்று பதின்மூன்று நாள் வரும், விலை நாலாயிரத்தை ஒட்டி, நாளொன்றுக்கு 300. மிச்சம் 500. கிழமைக்கு ஆறு நாள், 3,000. ஒரு இலட்சம் கடனுக்குக் கிழமைத் தவணை 2,750, ஐம்பத்திரண்டு கிழமை. கையில் நிற்பது 250 ரூபாய். அதில் பிள்ளையும் தாயும் சாப்பிடவேண்டும்.

நான் இரண்டாவது முறை கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரி. ஐம்பத்திரண்டு தவணையையும் கூட்டினால் 143,000 வரும். கடன் எடுத்தபோது தேங்காய் நூறு ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 800 மிஞ்சும், கட்டலாம் என்றுதான் எடுத்திருக்கிறா. யாரும் அவவை ஏமாற்றவில்லை, அவவும் கணக்குத் தெரியாமல் எடுக்கவில்லை. தேங்காய் ஏறிவிட்டது, இடியப்பத்தின் விலையைக் கடைக்காரன் ஏற்றவில்லை. சிலிண்டர் விலையில் ஏறத்தாழ 600 ரூபாய் வற் வரி. சம்பளம் எடுக்கிற எனக்கும் அதே 600. ஏற்றுமதிக்காரனுக்கும் அதே 600.

"அண்டைக்குக் கூட்டத்திலை இதைச் சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"சொல்லத்தான் எழும்பினனான்."

நான் பேசாமல் இருந்தேன். அவ மாவரிப்பைத் தட்டிக்கொண்டே சொன்னா, "நானும் திசைகாட்டிக்குத்தான் போட்டனான் ரீச்சர். நீங்கள் எல்லாரும் என்னை வீட்டுக்காரி ஆக்கிப்போட்டியள். வீட்டுக்காரர் வந்து தங்கடை கூட்டத்திலை வந்து கதைக்கச் சொல்லிக் கேட்டவை. இடியப்பக்காரியே சொல்லுறா எண்டு காட்டலாமாம். நான் மாட்டன் எண்டிட்டன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் தம்பி மறுபடியும் தொடங்கினான். நான் அவவின் கணக்கைச் சொன்னேன், பெயரைச் சொல்லாமல். அத்தான் கைதட்டாத குறை. "இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறன்!" தம்பியின் முகம் சுருங்கியது. "அக்கா, இப்ப நீ எந்தப் பக்கம்?" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அத்தான்மேல்தான் வந்தது, அதுவும் நியாயமில்லை. நுண்கடன் வந்த வருடங்கள் முழுக்க இங்கே சபைகளில் இருந்தது அவருடைய ஆட்கள்தானே என்று கேட்க வாய் வந்தது. கேட்டிருந்தால் நானும் அந்தக் கொப்பியை எடுத்து எறிவதற்குத்தான் பாவித்திருப்பேன். அந்த ஜனாதிபதி இன்னும் எனக்கு மற்றவர்களைவிட நேர்மையானவராகத்தான் தெரிகிறார். அவருடைய அரசாங்கம் பணக்காரன் எடுக்கும் சிலிண்டருக்கும் இடியப்பக்காரி எடுக்கும் சிலிண்டருக்கும் ஒரே வரி எடுப்பது பிழை என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் அதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எங்கள் விறாந்தைக்குத் தெரியவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து, "அவள் அந்த மனுசிக்கு என்ன செய்யலாம் எண்டுதான் கேக்கிறாள்" என்றா. நான் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

சங்கத்தின் சுழற்சிக் கடனில் அப்போது 60,000 இருந்தது. மாதம் ஒரு வீத வட்டி. இடியப்ப அக்காவுக்கு 30,000 கொடுக்கலாம் என்று நான் கேட்டபோது தலைவி தயங்கினா. ஏற்கெனவே கடனில் நிற்கிறவருக்குக் கொடுத்தால் திரும்பி வருமா என்பது நியாயமான கேள்வி. வராவிட்டால் என் சம்பளத்தில் கழிக்கலாம் என்றேன். கூடின சம்பளத்தில், என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொடுப்பதென்று முடிவானது. அது அவவின் கடனைத் தீர்க்காது. பதினொரு கிழமைத் தவணையைக்கூட அது தாண்டாது.

ஜூன் நடுப்பகுதியில் கூட்டம் நடந்தது. அந்தக் கிழமைதான் மின்சாரக் கட்டணம் 15 வீதம் ஏறியிருந்தது. ஜனவரியில் 20 வீதம் குறைத்தபோது நான் அதையும் தாளில் எழுதி வாசித்தவள், இந்த முறை தாள் எதுவும் கொண்டுபோகவில்லை. இடியப்ப அக்கா வந்திருந்தா. பின்வரிசையில்தான் இருந்தா. என்னைப் பார்க்கவில்லை. 'வேறு விடயங்கள்' என்று வந்தபோது எழும்பினா. சாவகச்சேரிப் பக்கம் தோட்டத்தில் நேரே எடுத்தால் தேங்காய் ஒன்று நாற்பது ரூபாய் குறைவாம், நூறாக எடுத்தால்தான் தருவார்களாம், சேர்ந்து எடுக்க யாருக்கு விருப்பம் என்று கேட்டா.

பதினொரு பேர் கை தூக்கினார்கள். அக்காவும் தூக்கினா. யாருக்கு எத்தனை என்று நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். இடியப்ப அக்கா கிட்ட வந்து நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தா. "லொறிக் கூலியையும் போடுங்கோ ரீச்சர்" என்றா. "அதை விட்டிட்டியள்."